பதினோராவது பெயரின் வருமானம்

ஜூலை மாதம் முழுவதும் எனக்குக் கழுத்து வலிக்கும். முதுகலைத் தமிழ் படித்த இரண்டு ஆண்டுகளிலும், காலை வகுப்புகள் முடிந்த கையோடு பஸ் பிடித்து, கேரளத் தலைநகரில் கரமனையிலிருந்து கிள்ளிப்பாலத்துக்குப் போகும் சாலையில் ஒரு மெஸ்ஸின் மாடியிலிருந்த வருமான வரி அலுவலகத்துக்குப் போவேன். அது அரசாங்க அலுவலகம் அல்ல. மற்றவர்களுக்காக வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கும் ஒருவருடைய அறை. எல்லாவற்றையும் ஜூலை முடிவதற்குள் தாக்கல் செய்தாக வேண்டும். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், சுவர் முழுக்கக் கோப்புகள். ஊர் அவரை ஆடிட்டர் என்று அழைத்தது. அவர் ஆடிட்டர் அல்ல என்பதை முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்.

"அந்தப் பரீட்சையை மூணு தடவை எழுதி மூணு தடவையும் விழுந்தேன். ஆனா ஆடிட்டர்னு ஒருத்தர் மேல இருக்கார்னு சொன்னாத்தான் ஜனங்க இந்தப் படியை ஏறுவா. நீ சார்னு கூப்பிட்டாப் போதும்."

சார் பக்கத்து வலியசாலைக்காரர். அக்ரகாரத்துத் தமிழில் தொடங்கி, வரி போட வந்த கட்சிக்காரர் மலையாளி என்றால் பாதி வாக்கியத்தில் மலையாளத்துக்கு மாறி, தொகை சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் முடிப்பார். என்னை அவர் வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் என் படிப்பு அல்ல. பிழை பார்க்கும் பழக்கம். ஓர் ஏட்டுப் பிரதியை இன்னொன்றோடு வைத்து வேறுபாடுகளைக் குறிப்பதுதான் அந்த ஆண்டு வகுப்பில் எனக்குப் பிடித்திருந்த ஒரே வேலை. பான் கார்டையும் ஆதாரையும் ஒப்பிடுவது அதிலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல. எல்லாக் கட்சிக்காரர்களின் கடவுச்சொற்களும் என்னிடம் இருந்தன. அவர்களுடைய கணக்குகளில் பதிவு செய்யப்பட்டிருந்த ஃபோன் எண் பெரும்பாலும் அலுவலகத்தினுடையது. அரசாங்கம் அவர்களுக்கு அனுப்பும் செய்தி எல்லாம் என் மேசையில் கிடந்த ஒரு பழைய ஃபோனில்தான் வந்து விழும்.

வரி என்பதை அதற்கு முன் நான் அறிந்திருந்தது வீட்டில், பிப்ரவரி மாதத்தின் வழியாக. அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து மெல்ல மேலே வந்தவர். ஆண்டு முழுவதும் பிடித்தது போக மிச்ச வரியைப் பிப்ரவரிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிப்பார்கள். அந்த மாதம் எங்கள் வீட்டில் காபிப் பொடியில் சிக்கரி கூடும். அப்பா முதல் வாய் குடித்துவிட்டு, "கையில குடுத்துட்டு வாங்கினா வலிக்கும். நமக்கு வலிக்கவே விடறதில்லை, அவ்வளவு கருணை" என்பார். ஒவ்வொரு ஆண்டும் அதே வாக்கியம். நாங்கள் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டோம்.

ஆகவே, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரத்தில் கீழே மெஸ் நடத்தும் அண்ணாச்சியின் ரிட்டர்னைத் தட்டச்சு செய்தபோது நான் இரண்டு முறை சரிபார்த்தேன். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். நகரத்தில் அவருக்கு மூன்று மெஸ், பஸ் நிலையத்தருகே ஒரு லாட்ஜ், ஒரு வெள்ளைக் கார். கடைசிக் கட்டத்தில் வந்து நின்ற தொகையின்படி அவர் என் அப்பாவைவிட ஏழை.

சார் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "தப்பா அடிச்சுட்டோமோன்னு பாக்கறியா? சரியாத்தான் இருக்கு. அதான் அழகு."

அந்த அழகின் ஒரு பகுதி பதினொரு பெயர்கள் கொண்ட ஒரு தாள். மெஸ்களில் வேலை செய்பவர்கள். எல்லோரும் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆண்டுச் சம்பளம் எழுதியிருந்தது. அந்தத் தொகைகள் எல்லாமே, வரி தொடங்கும் வரம்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரே உயரத்தில் வெட்டிய வேலிச் செடி மாதிரி நின்றன. உண்மையில் அவர்கள் வாங்கியது அதில் பாதிகூட இல்லை. அதுவும் சனிக்கிழமைதோறும் ரொக்கமாக. மீதி அண்ணாச்சியுடைய லாபம். அது கூலி என்ற பெயரில் செலவாகிவிட்டதால் அதற்கு அவர் வரி கட்ட வேண்டியதில்லை. வெறும் கணக்குப் புத்தகத்தில் எழுதினால் யாராவது கேள்வி கேட்கலாம். அதனால் பதினொரு பேருக்கும் பான் கார்டு வாங்கி, அவர்கள் பெயரிலேயே ரிட்டர்னும் தாக்கல் செய்யப்பட்டது. வாங்கியவனே வாங்கினேன் என்று சொன்னால் பிறகு யார் கேட்பது?

"அவாளுக்கும் வரி கிடையாது, இவருக்கும் கொஞ்சம்தான்" என்றார் சார். "யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு பாப்போம்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாததால் தட்டச்சு செய்தேன். என் பங்கு அங்கே தொடங்குகிறது.

பதினொரு பேருக்கும் பான் கார்டில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறொன்று. பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, திரும்பி வர வேண்டிய பணம் எதுவும் இல்லையே என்றார் சார். எனக்குப் பொருந்தாத இரண்டு பிரதிகளை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. எல்லோரையும் திருத்த நேரமில்லை. கடைசிப் பெயரையாவது திருத்தலாம் என்று கீழே இறங்கிப் போனேன். பதினோராவது பெயர் மெஸ்ஸின் சமையற்கட்டில் சாம்பார், பொரியல், மாவு எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்ட அக்காவுடையது. நாற்பதைத் தாண்டியவள். கணவர் இல்லை, மகள் ஒரு துணிக்கடையில் நின்றாள். நான் தினமும் அங்கே சாப்பிட்டதால் என்னை அவளுக்குத் தெரியும்.

"பொறந்த தேதியா?" என்றாள் அக்கா, கரண்டியை வைக்காமலே. "அது யாருக்குத் தெரியும் பாப்பா? நான் பொறந்தன்னைக்கு எங்க ஊருல கொளம் ஒடஞ்சுதாம். கொளம் ஒடஞ்ச தேதி உங்க கம்ப்யூட்டர்ல இருந்தா அதையே போட்டிரு."

நான் விடவில்லை. அவள் தம்பியிடம் சொல்லிப் பள்ளிச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்ப வைத்தேன். ஆதார் திருத்தும் கடையில் அவளோடு போய் வரிசையில் நின்றேன். இரண்டு கார்டுகளையும் இணைத்தேன். அந்த ஜூலையில், பதினொரு வரிசைகளில் ஒன்றில் மட்டும் எல்லாம் சரியாகப் பொருந்தி இருந்தது. அதை நான் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

அடுத்த வேனிலில் ஒரு நாள் அக்கா படியேறி வந்தாள். அதுவரை அவள் மாடிக்கு வந்ததில்லை. கையில் ரேஷன் கார்டு.

"பாப்பா, இது என்னன்னு பாரு. நேத்து கடையில அரிசி இல்லைங்கான். கார்டு வெள்ளையா மாறிட்டாம்."

அவளிடம் இருந்தது பிங்க் கார்டு. ஏழைக் குடும்பங்களுக்கானது. அரிசி ஒரு பக்கம். அந்தக் கார்டு இருந்தால்தான் அரசு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குச் செலவில்லை. அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஒரு வருடமாக மாதத்தில் பாதி நாள் இரத்தப்போக்கு. அதோடு நின்றுதான் ஒவ்வொரு மத்தியானமும் இருநூறு பேருக்குச் சமைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிட டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த மாதத்துக்குத் தேதியும் கொடுத்திருந்தார்கள். கார்டு வெள்ளையானதால் மருந்து, சாமான், ஸ்கேன் எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வேண்டும். அது அவளுடைய ஐந்து மாதக் கூலி.

ரேஷன் கார்டுகளைக் கவனிக்கும் சப்ளை ஆபீஸுக்கு அவளோடு போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையானவள்தான். திரையைத் திருப்பிக் காட்டினாள். கார்டுக்காரர்களின் ஆதாரையும் வருமான வரி விவரத்தையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். "இவர்க்கு நல்ல வருமானம் உண்டல்லோ" என்றாள். திரையில் இருந்த தொகையை எனக்கு ஏற்கெனவே தெரியும். நான் தட்டச்சு செய்தது.

வரி தொடங்கும் வரம்பு ஓர் இடத்தில் இருக்கிறது. ஏழை என்று ஒப்புக்கொள்ளப்படும் வரம்பு அதற்கு வெகு கீழே இருக்கிறது. அண்ணாச்சியின் லாபத்தை மறைத்து வைப்பதற்குத் தோதான இடம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். வரி கேட்கும் கண்ணுக்கு அது எட்டாது. அரிசி கொடுக்கும் கண்ணுக்கு மட்டும் தெரியும். மற்றப் பத்துப் பேரின் தொகையும் அதே இடத்தில்தான் நின்றது. ஆனால் அவர்களுடைய தேதிகள் பொருந்தவில்லை. ஆகவே யாரும் அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை. நான் திருத்திக் கொடுத்தவள் ஒருத்தி மட்டும் அகப்பட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் இதை அவளிடம் சொன்னேன். சொல்லி முடிக்கக் கரமனைப் பாலம் வரை ஆயிற்று. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அம்புட்டு சம்பளமா எனக்கு?" என்றாள். "அப்போ மிச்சத்த எல்லாம் நான் எங்க வெச்சேன்னு கேட்டியா அந்தப் பொம்பளகிட்ட?"

கவுன்ட்டர்ப் பெண் ஒரு வழி சொல்லியிருந்தாள். உண்மையான சம்பளம் இவ்வளவுதான் என்று முதலாளி எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம். அண்ணாச்சியிடம் போனோம். கல்லாவில் இருந்தார். கேட்டவுடன் எழுந்து, பில் போடுபவரை உட்காரச் சொல்லிவிட்டு, எங்களை உள்ளே அழைத்துப் போனார். அவர் கெட்டவர் என்று எழுதினால் அது துல்லியமாக இருக்காது. அக்காவின் கணவர் இறந்தபோது ஊருக்கு வண்டி பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

"ஏட்டி, லெட்டர் எதுக்கு உனக்கு? ஆபரேஷன்தானே? நான் தாரேன். தனியார் ஆஸ்பத்திரியிலேயே பண்ணு, ஏசி ரூம்ல கெட. மாசாமாசம் கொஞ்சங்கொஞ்சமாப் பிடிச்சுக்கிடுதேன்."

"துட்டு வேண்டாம் அண்ணாச்சி. ஒரு தாளுதான்."

"தாளு குடுத்தா உனக்கு மட்டும் குடுத்ததா இருக்காதுல்லா. பத்துப் பேருக்கும் பதில் சொல்லணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மோளே, நீயாவது சொல்லு. இந்த நாட்டுல வரி கட்டி எவன் நல்லாயிருந்தான்?"

நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

பணத்தை அக்கா வாங்கவில்லை. "வாங்கினா அடைக்கிற வரைக்கும் இந்த அடுப்ப விட்டு நவுர முடியாது பாப்பா" என்றாள் வெளியே வந்து. "இப்போ நகர முடியுமா?" என்று கேட்டேன். "இப்பயும் முடியாதுதான்" என்றாள். "ஆனா முடியும்னு இருக்குல்லா." ஆபரேஷன் தேதி வந்தது, போயிற்று. அவள் இரும்புச் சத்து மாத்திரை தின்றுகொண்டு, இடுப்பில் ஒரு பழைய புடவையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நின்று சமைத்தாள்.

என்ன செய்யலாம் என்று சாரிடம் கேட்டேன். திருத்திய ரிட்டர்ன் போடும் காலம் தாண்டிவிட்டது என்றார். அது உண்மை. தாண்டாதிருந்தாலும் போட்டிருக்க மாட்டார், அதுவும் உண்மை. "நாம டைப் அடிக்கறவா. அவா குடுக்கறதை அடிக்கறோம். அதுக்கு மேல யோசிச்சா எனக்கு மூணு தடவை ஆனது உனக்கு நாலு தடவை ஆகும்" என்றார். சிரித்தார். சோர்ந்த சிரிப்புதான்.

இரண்டாவது ஜூலைக்கு முன்பு நான் ஒரே ஒரு காரியம் செய்தேன். அதைத் துணிச்சல் என்று சொல்லமாட்டேன், ஒரு திருத்தம். அக்காவின் வரிக் கணக்கில் அலுவலகத்து ஃபோன் எண்ணை எடுத்துவிட்டு அவளுடைய சொந்த எண்ணைப் பதிந்தேன். அவளைக் கேட்டுவிட்டுத்தான் செய்தேன்.

"அதனால என்ன ஆகும்?"

"உங்க பேர்ல ரிட்டர்ன் போட்டா, ஒரு ரகசிய நம்பர் உங்க ஃபோனுக்கு வரும். நீங்க அதைச் சொன்னாத்தான் அது செல்லும்."

"சொல்லலைன்னா?"

"செல்லாது."

அக்கா ஃபோனை முந்தானையால் துடைத்து, மாவு படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

அந்த ஆண்டும், எனக்கு வகுப்பில்லாத ஒரு நாள் காலையில் பட்டியல் வந்தது. பதினொரு பெயர்கள். பத்து வரிசைகள் என் மேசை ஃபோனின் உதவியோடு ஒரு மணி நேரத்தில் முடிந்தன. பதினோராவது நின்றுவிட்டது. சார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே ஃபோன் செய்தார். படிக்கட்டின் வழியாக அண்ணாச்சியின் குரல் மேலே கேட்டது.

"ஏட்டி, உன் ஃபோன்ல ஒரு நம்பர் வந்திருக்கா?"

"வந்திருக்கு அண்ணாச்சி."

"என்ன நம்பரு?"

"கண்ணு தெரியலியே."

"கொண்டா, நான் பாக்கேன்."

"கையெல்லாம் மொளகாத்தூளா இருக்கு. கார்டு பிங்க்கா மாறட்டும், மாறினதும் கண்ணு தெரிஞ்சிரும்."

டீ குடித்துக்கொண்டிருந்த யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி அன்றைக்கு அவளை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். மணி பதினொன்றரை, சாம்பார் அடுப்பில் இருந்தது, பத்தாவது நிமிடத்தில் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். அவள் இல்லாமல் அந்தச் சமையற்கட்டு ஒரு நாள்கூட நடக்காது என்பது அவருக்குத் தெரியும், அவளுக்கும். எண்ணின் ஆயுள் சில நிமிடங்கள்தான். மூன்று முறை அனுப்பினோம். மூன்று முறையும் அது அவளுடைய ஃபோனில் வந்து, அங்கேயே செத்தது.

அந்த வருடம் ரிட்டர்ன் இல்லை என்ற தாள், பாஸ்புக்கில் ஒரு நாளும் சம்பளம் ஏறியதில்லை என்பதைக் காட்டும் நகல், வில்லேஜ் ஆபீஸில் இருந்து வருமானச் சான்று: இவற்றை வைத்து மலையாளத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஏழு முறை போனோம். ஆறு முறை 'அடுத்த வாரம்'. ஓணம் கழிந்து கார்டு மறுபடி பிங்க் ஆயிற்று. மழை பலத்த ஓர் ஐப்பசி நாளில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது.

மூன்றாம் நாள் மாலை, பார்வையாளர் நேரத்தில் பார்க்கப் போனேன். ஒல்லியாகத் தெரிந்தாள்; முகத்தில் நிறம் திரும்பவில்லை. பக்கத்தில் மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கும் பெண் உட்கார்ந்து, ஃப்ளாஸ்க்கிலிருந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். பட்டியலில் ஏழாவது பெயர். அக்காவைவிடச் சிறியவள், எதற்கும் சிரிப்பவள்.

"பாப்பா, எனக்கு ஒண்ணு தெரியணும்" என்றாள் அக்கா. "என் பேரு இப்போ அந்தத் தாளுல இல்லையே?"

"இல்லை."

"அப்போ என் பேருல எழுதின துட்ட அண்ணாச்சி என்ன செஞ்சாரு? விட்டுக்குடுத்துட்டாரா?"

விட்டுக்கொடுக்கவில்லை. எண் மூன்று முறை செத்த அந்த ஜூலை நாள் மதியமே சார் புதிய பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். அவளுடைய தொகை பத்தாகப் பிரிக்கப்பட்டு, மற்றப் பத்துப் பேரின் தொகைகளோடு சேர்க்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகும் எல்லோரும் வரம்புக்குச் சற்றுக் கீழேதான் நின்றார்கள். தாக்கல் செய்ததையெல்லாம் திருத்தி மறுபடி தாக்கல் செய்தோம். செய்தது நான்தான். அந்த மாதச் சம்பளம் எனக்குப் பரீட்சைக் கட்டணத்துக்குத் தேவைப்பட்டது.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "இவளுக்கு எம்புட்டு?" என்று கேட்டாள், தலையை அசைக்காமல்.

தொகையைச் சொன்னேன். ஃப்ளாஸ்க் வைத்திருந்தவள் சிரிக்கத் தொடங்கினாள். "நானா? வருசத்துக்கு அம்புட்டா? எக்கா, எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிராதிய, மிச்சத்த எந்த மாப்பிள்ளைக்குக் குடுத்தேன்னு கேப்பாரு!" நர்ஸ் எட்டிப் பார்த்து அதட்டும்வரை சிரித்தாள். அக்காவுக்கும் சிரிப்பு வந்து, தையல் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சிரித்து முடித்ததும் அந்தப் பெண் ஃப்ளாஸ்க்கை மூடினாள். "என் கார்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று என்னைக் கேட்டாள்.

அவளுடைய இரண்டு கார்டுகளிலும் பிறந்த தேதி பொருந்தவில்லை என்பது எனக்கு நினைவிருந்தது. "இப்போதைக்கு ஆகாது" என்றேன்.

"இவ நம்பரையும் மாத்திக் குடு பாப்பா, எனக்குச் செஞ்ச மாதிரி" என்றாள் அக்கா.

நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அந்தப் பெண் ஃப்ளாஸ்க் மூடியில் மிச்சமிருந்த கஞ்சியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எனக்கு ஏது ஃபோன்?" என்றாள். "இருக்கது ஒண்ணு. அது வீட்டுக்காரரு கையில."